டேட்டா குறைவு, சிக்னலும் குறைவு: லினக்ஸை எப்படி அப்டேட் செய்வது?

எங்கள் தெருவில் பி.எஸ்சி. படிக்கும் ஒரு மாணவி போன மாதம் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உபுண்டு 22.04 லினக்ஸ். கடைசியாக அப்டேட் செய்து 14 மாதம் ஆகியிருந்தது. "ஒரு தடவை ஆரம்பிச்சேண்ணே. மூணு மணி நேரம் ஓடுச்சு, டேட்டா தீர்ந்து நின்னுடுச்சு. அதோட விட்டுட்டேன்" என்றாள்.

எங்கள் ஊர் மலையடிவாரம். ஃபைபர் இன்னும் வரவில்லை. மொபைல் டேட்டாதான் எல்லாருக்கும், அதுவும் மொட்டைமாடியில் ஒரு மூலையில்தான் நன்றாக எடுக்கும். இப்படிப்பட்ட ஊரில் லினக்ஸ் வைத்திருப்பவர்களில் பலர் அப்டேட்டை அடியோடு விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். ஒரு உதாரணம் சொல்கிறேன். 2021 ஜனவரியில், நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைகளை இயக்க உதவும் சூடோ நிரலில் ஓர் ஓட்டை வெளியே தெரிந்தது. கிட்டத்தட்ட 10 ஆண்டுகளாக உள்ளேயே கிடந்த ஓட்டை. கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதன் வழியே ரூட் அதிகாரத்தை, அதாவது கணினியின் முழு அதிகாரத்தையும், பிடித்துவிடலாம். அதை அடைக்க வந்த பொதி (பேக்கேஜ்) ஒரு எம்பிகூட இல்லை. அவசரமான திருத்தங்கள் பெரும்பாலும் இப்படிச் சிறியவைதான். நம்மைப் பயமுறுத்தும் 500, 600 எம்பி கணக்கு வேறு எங்கிருந்தோ வருகிறது. எது அவசரம், எது பருமன் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் மூன்றுக்கும் இங்கே சொல்வது பொருந்தும். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடு, சாய்கோடு போன்ற குறிகளை அப்படியே போடுங்கள்.

முதலில் கணக்கு

நெட் வேகத்தைச் சொல்லும் எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. ஃபைல் அளவைச் சொல்லும் எம்பி என்பது பைட் கணக்கு. வேகத்தை 8 ஆல் வகுத்தால்தான் நொடிக்கு எவ்வளவு இறங்கும் என்று தெரியும். 1 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 125 கேபி. 320 எம்பி அப்டேட் அதில் இறங்க சுமார் 43 நிமிடம் ஆகும். 256 கேபிபிஎஸ் கிடைத்தால் 2 மணி 47 நிமிடம். அன்றைய டேட்டா தீர்ந்தபின் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாகக் குறையும். அந்த நிலையில் அதே 320 எம்பிக்கு 11 மணி நேரம் வேண்டும். அந்த மாணவிக்கு நடந்தது இதுதான். பாதியில் தினசரி அளவு முடிந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை.

எவ்வளவு இறக்க வேண்டும் என்று கணினியே சொல்லும். முதலில் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும்:

சூடோ ஆப்ட் அப்டேட்

பெயர் அப்டேட் என்றாலும் இது எந்த மென்பொருளையும் மாற்றாது. என்னென்ன புதிதாக வந்திருக்கிறது என்ற பட்டியலை மட்டும் கொண்டுவரும். அடுத்தது:

சூடோ ஆப்ட் அப்கிரேட்

நீண்ட பட்டியல் ஓடி, கடைசியில் "நீட் டு கெட்" என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதிலுள்ள எண்தான் இறக்க வேண்டிய அளவு. அதற்கடுத்த வரியில் வரும் எண் டிஸ்க்கில் பிடிக்கும் இடம். புதியவர்கள் பலர் இரண்டாவது எண்ணைப் பார்த்து மிரண்டுவிடுகிறார்கள். தொடரலாமா என்று கேட்கும்போது "என்" எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள், எதுவும் நடக்காது. இப்போதைக்கு அளவு தெரிந்தால் போதும். மாணவியின் கணினியில் 1.4 ஜிபி காட்டியது. ஒரே மூச்சில் இறக்க முடியாது. ஆனால் ஒரே மூச்சில் இறக்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

கேட்காமல் டேட்டாவைத் தின்பவை

அப்டேட்டைத் தொடங்கும் முன், பின்னணியில் தானாக இறங்குபவற்றை நிறுத்த வேண்டும். வைஃபை அமைப்புகளில் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தை அழுத்தினால் "மீட்டர்ட் கனெக்‌ஷன்" என்றொரு தேர்வு இருக்கும். இது அளவு கட்டிய இணைப்பு என்று கணினிக்குச் சொல்வது அது. அதை இயக்கிவிட்டால் தானியங்கி அப்டேட்டுகள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

உபுண்டுவில் மென்பொருள் வருவதற்கு ஸ்னாப் என்ற இன்னொரு வழி உண்டு. 22.04 முதல் ஃபயர்பாக்ஸே ஸ்னாப்பாகத்தான் வருகிறது. ஸ்னாப் ஒரு நாளைக்கு 4 முறை புதியது இருக்கிறதா என்று தானே பார்த்து, இருந்தால் இறக்கிவிடும். ஃபயர்பாக்ஸ் முழுதாக வந்தால் 200 எம்பிக்கு மேல். நீங்கள் பாடத்துக்கு வீடியோ பார்க்கும் நேரத்தில் அது பின்னால் ஓடினால் இரண்டுமே திணறும். அதை நிறுத்த:

சூடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ் --ஹோல்ட்

இது தானாக இறங்குவதைத்தான் நிறுத்தும். நீங்களாகக் கேட்டால் வரும். "சூடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்" என்று வாரம் ஒருமுறையாவது கேளுங்கள். வெளியுலகத்தோடு நேரடியாகப் பேசும் மென்பொருள் பிரவுசர்தான். கணினியில் வேறு எதை ஆறப்போட்டாலும் அதை ஆறப்போடாதீர்கள்.

மின்ட் பயன்படுத்துபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அதில் ஸ்னாப் உள்ளமைந்து வருவதில்லை.

பட்டியலையே இலகுவாக்குவது

"ஆப்ட் அப்டேட்" மட்டுமே சில சமயம் பத்து, இருபது எம்பி எடுத்துக்கொள்ளும். தேவையில்லாத பட்டியல்களைக் கழற்றினால் இது குறையும். "சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்" திறந்து, "சோர்ஸ் கோட்" பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மூலநிரலை இறக்கிப் பார்ப்பவர்களுக்குத்தான் அது வேண்டும். எப்போதோ ஒரு மென்பொருளுக்காகச் சேர்த்து, பிறகு மறந்துபோன பிபிஏக்களையும் (வெளியார் தரும் மென்பொருள் தொகுப்புகளையும்) அங்கேயே நீக்கலாம். இந்த ஜன்னலை மூடும்போது பட்டியலை மறுபடி இறக்கட்டுமா என்று கேட்கும். வேண்டியதை எல்லாம் மாற்றிவிட்டு ஒரே தடவை இறக்குங்கள்.

அதே ஜன்னலில் எந்த சர்வரிலிருந்து இறக்குவது என்பதையும் மாற்றலாம். "செலக்ட் பெஸ்ட் சர்வர்" பொத்தான் எது சீக்கிரம் பதில் சொல்கிறது என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கும். சீக்கிரம் பதில் சொல்லும் சர்வர் வேகமாக ஃபைல் தரும் என்ற உறுதி கிடையாது. மின்ட்டில் சாஃப்ட்வேர் சோர்ஸஸ் பகுதி ஒவ்வொரு மிரரின் (நகல் சர்வரின்) வேகத்தையும் அளந்து காட்டும், அது இதைவிட மேல். உங்கள் மொபைல் இணைப்பே நொடிக்கு 30 கேபிதான் என்றால், எந்த சர்வரை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

எதை முதலில் இறக்குவது

ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள் | கிரெப் செக்யூரிட்டி

காத்திருக்கும் பொதிகளில் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வந்தவற்றை மட்டும் இது வடிகட்டிக் காட்டும். இதில் ஓபன்எஸ்எஸ்எல், சூடோ, ஓபன்எஸ்எஸ்எச், கர்ல் போன்ற பெயர்கள் இருந்தால் அவற்றை அன்றைக்கே எடுங்கள். சேர்த்துப் பார்த்தாலும் சில எம்பிதான் வரும். பெயர் சொல்லி எடுக்க:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ஒன்லி-அப்கிரேட் சூடோ ஓபன்எஸ்எஸ்எல்

இடையிலுள்ள தேர்வு முக்கியம். ஏற்கெனவே இருப்பதை மட்டும் புதுப்பி, இல்லாததைப் புதிதாக நிறுவாதே என்று சொல்வது அது.

டெர்மினல் பழகாதவர்களுக்கு மின்ட்டின் அப்டேட் மேனேஜர் நல்ல துணை. பாதுகாப்புத் திருத்தங்களுக்குக் கேடயப் படம் போட்டிருக்கும். "வியூ" மெனுவில் அளவு நெடுவரிசையையும் காட்டச் சொன்னால், எது எத்தனை எம்பி என்று பார்த்துப் பார்த்து டிக் வைக்கலாம்.

பருமனான பொதிகளுக்கு வருவோம். லினக்ஸ்-ஃபர்ம்வேர் தனியாகவே சில நூறு எம்பி. உலகத்திலுள்ள வைஃபை, கிராஃபிக்ஸ் சில்லுகள் பலவற்றுக்கும் தேவையானது அதற்குள் அடைந்து கிடக்கிறது. உங்கள் கணினிக்கு அதில் ஓரிரு துண்டுதான் வேண்டும். லிப்ரே ஆபீஸ், டெக்ஸ்லைவ் இரண்டும் பெரியவை. ஒரு பொதியின் அளவை அறிய "ஆப்ட் ஷோ" என்று போட்டு அதன் பெயரைத் தட்டுங்கள், "டவுன்லோட்-சைஸ்" என்ற வரியில் இருக்கும். இந்த வாரம் வேண்டாம் என்று ஒன்றை நிறுத்திவைக்க:

சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட் லினக்ஸ்-ஃபர்ம்வேர்

நல்ல இணைப்பு கிடைத்ததும் "ஹோல்ட்" இருந்த இடத்தில் "அன்ஹோல்ட்" போட்டு விடுவியுங்கள். நிறுத்திவைத்ததை மறந்துவிடுவது எளிது. "ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்" என்று தட்டினால் எவையெல்லாம் நிற்கின்றன என்று தெரியும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மட்டும் இப்படி நிறுத்தாதீர்கள். அதுவும் பெரியதுதான், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் அடிக்கடி வருகின்றன.

இறக்குவது வேறு, நிறுவுவது வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கட்டளையை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்:

சூடோ ஆப்ட் அப்கிரேட் -டி

கடைசியில் உள்ள "-டி" என்பது டவுன்லோட் மட்டும் என்று பொருள்படும். பொதிகள் எல்லாம் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் என்ற இடத்தில் சேரும். கணினியில் ஒன்றும் மாறாது. சிக்னல் போகட்டும், டேட்டா தீரட்டும், கரண்டே போகட்டும், கவலையில்லை. மறுநாள் அதே கட்டளையைக் கொடுத்தால் முழுதாக இறங்கியவற்றைத் தொடாது. பாதியில் நின்றதை விட்ட இடத்திலிருந்து தொடரும். கட்டுப்படுத்தி நிறுத்த கன்ட்ரோல் விசையோடு சி அழுத்தினால் போதும்.

மாணவியின் 1.4 ஜிபியை இப்படித்தான் மூன்று இரவில் இறக்கினோம். அவள் திட்டத்தில் தினம் 1.5 ஜிபி. பகலில் பாடத்துக்கே பெரும்பகுதி போய்விடும். இரவு 10 மணிக்கு மேல் மிச்சம் எவ்வளவு என்று போனில் பார்ப்பாள். 12 மணிக்கு எப்படியும் காலாவதியாகப்போகிற டேட்டா. அதை அப்டேட்டுக்குத் திருப்பிவிடுவாள். போனை ஹாட்ஸ்பாட்டாக வைப்பதைவிட யூஎஸ்பி கேபிளில் இணைப்பது நல்லது. போனும் சார்ஜ் ஆகும், இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகாது. கேபிள் நீளமாக இருந்தால் போனை ஜன்னலோரம் வைக்கலாம்.

நள்ளிரவுக்குமேல் தூங்கிக்கொண்டே இறக்க விரும்பினால், படுக்கப்போகும்போது இப்படிக் கொடுங்கள்:

சூடோ எஸ்எச் -சி "ஸ்லீப் 2எச்; ஆப்ட் அப்கிரேட் -டி -ஒய்"

இரண்டு மணி நேரம் காத்திருந்து தானாகத் தொடங்கும். "-ஒய்" என்பது கேள்விக்கு ஆமாம் என்று முன்பே பதில் சொல்லிவைப்பது. "-டி" உடனிருப்பதால் நீங்கள் இல்லாத நேரத்தில் எதுவும் நிறுவப்படாது. மடிக்கணினி தூக்க நிலைக்குப் போகாதபடி பவர் அமைப்பை மட்டும் மாற்றிவையுங்கள்.

இணைப்பு அடிக்கடி அறுந்தால் கட்டளையின் கடைசியில் "-ஓ அக்வயர்::ரீட்ரைஸ்=10" என்று சேர்க்கலாம். தோற்றால் பத்து முறை முயலும். வீட்டில் இன்னொருவர் அதே நெட்டில் வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தால் "-ஓ அக்வயர்::எச்டிடிபி::டிஎல்-லிமிட்=30" சேருங்கள். நொடிக்கு 30 கேபியோடு நின்றுகொள்ளும். அக்வயர், ரீட்ரைஸ் இரண்டுக்கும், டிஎல்லில் டிக்கும் லிமிட்டில் எல்லுக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்து. "-ஓ" மட்டும் சிற்றெழுத்து.

ஓர் எச்சரிக்கை. இறக்கத் தொடங்கியபின் நிறுவி முடிக்கும்வரை மறுபடி "ஆப்ட் அப்டேட்" கொடுக்காதீர்கள். பட்டியல் புதுப்பிக்கப்பட்டால், நீங்கள் பாடுபட்டு இறக்கிய பொதிக்கு அடுத்த பதிப்பு வந்திருக்கலாம். பிறகு அதை முதலிலிருந்து இறக்க வேண்டும். "ஆப்ட் கிளீன்" கட்டளையும் இந்த இடைவெளியில் கூடாது. சேர்த்ததை எல்லாம் துடைத்துவிடும்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் "-டி" இல்லாமல் "சூடோ ஆப்ட் அப்கிரேட்" கொடுங்கள். "நீட் டு கெட்" வரியில் 0 பி என்று முதலில் வந்தால் நெட்டே வேண்டாம், எல்லாம் கையில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் கரண்ட் முக்கியம். சில ஆண்டுகளுக்கு முன் யூபிஎஸ் இல்லாத ஒரு டெஸ்க்டாப்பில் நான் நிறுவிக்கொண்டிருந்தபோது, கெர்னல் பொதி விரிந்துகொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கணினி எழும்பவில்லை. துவக்க மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், கீழே உள்ள இரண்டையும் கொடுத்த பிறகுதான் சரியானது:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ
சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது அரைகுறையாக நின்ற பொதிகளை முடித்துவைக்கும். இரண்டாவது விட்டுப்போன சார்புப் பொதிகளைச் சரிசெய்யும். அன்றிலிருந்து டெஸ்க்டாப்பில் மின்தடை நேரம் பார்த்துத்தான் நிறுவுகிறேன். மடிக்கணினியில் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். கெர்னல் மாறியிருந்தால் முடிந்தபின் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதுவரை பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

நெட்டே இல்லாத வீட்டுக்கு

மடிக்கணினி என்றால் வழி சுலபம். நல்ல இணைப்புள்ள இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கல்லூரியோ நண்பர் வீடோ, அங்கே "-டி" போட்டு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து நிறுவலாம்.

டெஸ்க்டாப்பைத் தூக்க முடியாது. அதற்கு ஆப்ட்-ஆஃப்லைன் என்ற சின்னக் கருவி இருக்கிறது. வீட்டில் எப்படியாவது "ஆப்ட் அப்டேட்" மட்டும் முடித்துவிட்டு, இப்படித் தட்டுங்கள்:

சூடோ ஆப்ட்-ஆஃப்லைன் செட் வீடு.சிக் --அப்கிரேட்

என்னென்ன பொதி வேண்டும் என்ற சீட்டு ஒரு சிறிய ஃபைலாகக் கிடைக்கும். கடைக்கு எழுதிக்கொடுக்கும் மளிகைச் சீட்டு போலத்தான். பென் டிரைவில் போட்டு, நெட் உள்ள லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோய்:

ஆப்ட்-ஆஃப்லைன் கெட் வீடு.சிக் --பண்டில் வீடு.ஜிப்

ஜிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து "சூடோ ஆப்ட்-ஆஃப்லைன் இன்ஸ்டால் வீடு.ஜிப்" கொடுத்தால் பொதிகள் உரிய இடத்தில் போய் உட்காரும். பிறகு வழக்கமான ஆப்ட் அப்கிரேட். பட்டியலைப் புதுப்பிக்காமல் சீட்டு எழுதினால் பழைய பதிப்புகளைக் கேட்டு எழுதிவிடும், போன இடத்தில் அவை கிடைக்காமல் போகலாம். அதனால்தான் அந்த முதல் படியை விடக்கூடாது. ஃபைலின் பெயரை நீங்கள் விரும்பியபடி ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பதிப்பு, ஒரே வகைப் பிராசஸர் உள்ள இரண்டு கணினிகள் இருந்தால் இன்னும் எளிது. ஒன்றில் "-டி" போட்டு இறக்கியதும், நிறுவும் முன், ஆர்க்கைவ்ஸ் ஃபோல்டரில் உள்ள டெப் ஃபைல்களை (இறங்கிய பொதிகளை) பென் டிரைவில் நகலெடுங்கள். நிறுவியபின் "ஆப்ட்" கட்டளை அவற்றைத் தானே அழித்துவிடும், ஆகவே முன்பே எடுத்துவிட வேண்டும். மற்றதில் "ஆப்ட் அப்டேட்" செய்து, அதே ஃபோல்டரில் போட்டால் இரண்டாவது முறை டேட்டா செலவில்லை.

பள்ளி ஆய்வகம்போல் பத்துக் கணினி உள்ள இடத்தில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுவது நல்லது. ஒரு கணினியில் அதை நிறுவி, மற்றவற்றை 3142 என்ற போர்ட் வழியாக அதனிடம் கேட்கச் சொன்னால், 320 எம்பி ஒரே ஒரு முறைதான் வெளியிலிருந்து வரும். மற்ற ஒன்பதும் உள்வலையிலேயே எடுத்துக்கொள்ளும்.

22.04லிருந்து 24.04 போன்ற பெரிய பதிப்புத் தாவலை மொபைல் டேட்டாவில் முயல வேண்டாம். 24.04 டெஸ்க்டாப்பை நிறுவும் ஐஎஸ்ஓ ஃபைலே 5 ஜிபிக்கு மேல். வேகமான இணைப்புள்ள ஒருவரிடம் சொல்லி டாரன்டில் இறக்கச் சொல்லுங்கள். உபுண்டு ஒரு காலத்தில் சிடியை இலவசமாகத் தபாலிலேயே அனுப்பிக்கொண்டிருந்தது. 2011இல் அதை நிறுத்தினார்கள். என்னிடம் முதலில் வந்த லினக்ஸ் அப்படி ஒரு உறையில் வந்ததுதான். இப்போது அந்த உறையின் இடத்தில் நண்பரின் பென் டிரைவ்.

வழியில் வரும் பிழைகள்

"குட் நாட் கெட் லாக்" என்று வந்தால் இன்னொரு அப்டேட் பின்னால் ஓடுகிறது என்று அர்த்தம். லாக் ஃபைலை அழிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மெதுவான நெட்டில் அது முடிய நேரமாகும், காத்திருங்கள்.

"ஹேஷ் சம் மிஸ்மேட்ச்" என்றால் வந்த ஃபைல் பட்டியலோடு பொருந்தவில்லை. பெரும்பாலும் மிரர் அந்த நேரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்திருக்கும். அரை மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். தொடர்ந்தால் முதன்மை சர்வருக்கு மாறுங்கள்.

"ரிலீஸ் ஃபைல் நாட் வேலிட் யெட்" என்று வந்தால் நெட்டைக் குறை சொல்லாமல் திரையின் மேல் உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். இன்று வந்த பட்டியல் அதன் கண்ணுக்கு எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரியும், ஏற்க மறுக்கும். தேதியைச் சரிசெய்தால் அப்டேட் ஓடும். அந்த நாணய வடிவ பேட்டரியின் பெயர் சிஆர்2032, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.